தேறாது அண்ணனின் முறை

எரிந்த மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றி காயில் கட்டும் அந்த மனிதருக்கு வேலை நேரத்தில் வாயைத் திறந்தால் வருவது இரண்டே வாக்கியம். எரிந்துபோன மோட்டாரை யாராவது மூச்சு வாங்கத் தூக்கிக்கொண்டு வந்து பட்டறை மேசையில் வைத்தால், முதலில் கட்டைவிரலால் அதன் தண்டைச் சுற்றிப் பார்ப்பார். பிறகு குனிந்து மூக்கை அதனருகே கொண்டுபோவார். கருகிய வார்னிஷ் வாசனையில் அவருக்கு மட்டும் ஏதோ எழுதியிருக்கும். நிமிர்ந்து, "தேறாது" என்பார். வந்தவர் தலைகீழாக நின்றாலும் அதற்கு மேல் ஒரு சொல் பெயராது.

"தேறும்" என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. நம்பிக்கை இருந்தால், "வெச்சுட்டுப் போங்க" என்பார். சரியாகிவிடுமா, எப்போது வரட்டும் என்று கேட்டால் காதில் விழாத மாதிரி அடுத்த மோட்டாருக்கு நகர்ந்துவிடுவார். பழகியவர்களுக்கு இது தெரியும். அந்த இரண்டு சொல் கிடைத்துவிட்டால் அவர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

"சரியாயிடும்னு வாய் நிறையச் சொல்லிட்டு, அப்புறம் ஆகலைன்னா எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு நிக்கிறது?" என்று மனைவியிடம் ஒருமுறை காரணம் சொன்னார். மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை பார்க்கும் அவருடைய மனைவி, வாழ்வில் அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

தெரு சும்மா இருக்குமா? அவருக்குத் "தேறாது அண்ணன்" என்று பெயர் வைத்துவிட்டது. அவரும் கோபிக்கவில்லை. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடாதவர் ஊரிலேயே ஒருவர்தான். அவர் தமிழ் டீச்சர்.

டீச்சர் உயர்நிலைப் பள்ளியில் முப்பது வருடம் இலக்கணம் நடத்தி ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு முன்னறையில் புதன்கிழமைதோறும் மாலை ஆறரைக்கு ஜெபக்கூட்டம் நடக்கும். பத்துப் பேர் வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் போதகர் பேசுவார், மற்றவர்கள் கேட்பார்கள், சிலர் தூங்குவார்கள். புதன்கிழமை அது நடக்காது. வாரம் ஒருவர் வேதத்தில் ஒரு சிறு பகுதியை வாசித்து, தனக்கு அதில் என்ன புரிந்தது என்று சொல்ல வேண்டும். இந்த ஏற்பாடு டீச்சருடையது. "ஒருத்தரே பேசிட்டு இருந்தா ஒருத்தர்தான் வளருவார். மத்தவங்களுக்குக் காது மட்டும்தான் வளரும்" என்பார்.

தப்பாகப் பேசினால் திருத்துவார். அதில் ஆள், நேரம், இடம் எதுவும் பார்க்கமாட்டார். ஒருமுறை பேக்கரிக்காரர் கண்ணை மூடி உருகி, "எங்கள் பாவங்களை மண்ணியும் ஆண்டவரே" என்று ஜெபித்துக்கொண்டிருந்தார். "மன்னியும். ரெண்டு சுழி" என்றார் டீச்சர், தானும் கண்ணைத் திறக்காமலே. "மூணு சுழி போட்டா அவர் மண்வெட்டியைத் தேடப்போறார்." அன்றைக்கு ஆமென் சொல்ல முடியாமல் எல்லோரும் சிரித்தார்கள். அதிகமாகச் சிரித்தவர் டீச்சரின் கணவர்தான்.

மோட்டார்காரர் அந்தக் கூட்டத்துக்கு வந்தது பதினோரு வருடத்துக்கு முன்னால், மனைவியின் நச்சரிப்பு தாங்காமல். அவருக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். அந்த எழுத்துக்கூட்டலை வழவழப்பாக்கி, வாசிப்பதை நம்பவும் வைத்தவர் டீச்சர்தான். ஆனால் தன் முறை வரும்போது விளக்கம் சொல்ல மட்டும் அவர் பிடிகொடுக்கவில்லை. கம்பி சுற்றுவது தொழில் என்றால், அந்தப் புதன்கிழமைகளில் கம்பி நீட்டுவது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. அவசர வேலை என்பார், தொண்டை கட்டிவிட்டது என்பார். ஒருமுறை டீச்சர் வீட்டு மின்விசிறியையே கழற்றிப் போட்டுக்கொண்டு ஏணிமேல் உட்கார்ந்துவிட்டார்.

டீச்சர் ஒன்றும் சொல்லமாட்டார். வருடத் தொடக்கத்தில் முறைப் பட்டியல் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டும்போது, வருடத்துக்கு ஐந்து இடத்தில் "மோட்டார்" என்று மறக்காமல் எழுதுவார். பேக்கரிக்காரர் ஒருமுறை, "தேறாது அண்ணன் பேரை எதுக்கு வீணா எழுதறீங்க டீச்சர்?" என்று கேட்டார்.

"தேறாதுங்கறது வினைமுற்று. மனுஷனுக்கு அது பேராகாது" என்றார் டீச்சர்.

இந்த வருடத் தொடக்கத்தில் டீச்சரின் கணவர் படுத்தார். சிறுநீரகம். கூட்டம் முழுவதும் அவருக்காக ஜெபித்தது. "எழுந்துடுவார். சந்தேகமில்லாம கேளுங்க" என்று டீச்சர் சொன்னார், எல்லோரும் சந்தேகமில்லாமல் கேட்டார்கள். ஏழு மாதம் கழித்து அவர் இறந்துபோனார்.

அடக்கம் முடிந்து இரண்டாவது புதன்கிழமை எல்லோரும் தயங்கித் தயங்கி வந்தபோது, முன்னறையில் நாற்காலிகள் வழக்கம்போல் போடப்பட்டிருந்தன. டீச்சர் மட்டும் இல்லை. சமையலறை வாசலில் நின்று, "நீங்க நடத்துங்க. எனக்கு உள்ள வேலை இருக்கு" என்றார். உள்ளே போய் முக்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் விழும் சத்தமும் பாத்திரச் சத்தமும் கேட்டன. ஒரு ஆள் சாப்பிடும் வீட்டில் அவ்வளவு பாத்திரம் ஏது என்று யாரும் கேட்கவில்லை.

அப்படியே இரண்டு மாதம் போயிற்று. வந்தவர்கள் ஒவ்வொருவராக அந்த வாசல்வரை போய் ஆறுதல் சொன்னார்கள். அவர் நல்ல இடத்தில் இருக்கிறார் என்றார்கள். எல்லாவற்றுக்கும் ஒரு நோக்கம் உண்டு என்றார்கள். டீச்சர் கேட்டுக்கொண்டார், நன்றி சொன்னார், பாத்திரத்தை எடுத்தார். பேக்கரிக்காரர் வேண்டுமென்றே இரண்டு முறை மூன்று சுழி போட்டு ஜெபித்துப் பார்த்தார். உள்ளேயிருந்து திருத்தும் குரல் வரவில்லை.

பிறகு ஒரு புதன்கிழமை டீச்சர் வாசலுக்கு வந்து, "இந்த மாசக் கடைசியோட வேற வீடு பாத்துக்கோங்க. நான் சொல்லிக் குடுத்தது எதுவுமே சரிதானான்னு எனக்கே இப்ப தெரியல. அதைக் கேட்டுட்டு உள்ள உக்காந்திருக்க முடியல" என்றார்.

வேறு வீடு கிடைப்பது பெரிய காரியமில்லை. பேக்கரிக்காரர் மாடியே காலியாக இருந்தது. ஆனால் கூட்டம் அங்கே போய்விட்டால் டீச்சர் தனியாக அந்தச் சமையலறையிலேயே நின்றுவிடுவார் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. மோட்டார்காரருக்கு இன்னொன்றும் இருந்தது. அவர் தானாக ஜெபித்தவர் இல்லை, அந்த அம்மாளைப் பார்த்து ஜெபித்தவர். எழுத்தைச் சொல்லிக் கொடுத்தவரே எழுத்து தப்பு என்றால், படித்தவன் எதை வாசிப்பான்? அவருக்குப் பயமாக இருந்தது.

மாதத்தின் கடைசிப் புதன் யாருடைய முறை என்று அலமாரிக் கதவில் பார்த்தார்கள். டீச்சரின் கையெழுத்தில் "மோட்டார்" என்று இருந்தது.

"அண்ணே, நான் வேணா பேசிடறேன்" என்றார் பேக்கரிக்காரர்.

"வேணாம்" என்றார் மோட்டார்காரர்.

அந்த வாரம் பட்டறையில் பாதி வேலைதான் நடந்தது. அவர் தேர்ந்தெடுத்தது வேதத்தில் உள்ள ஒரு நிருபத்தின், அதாவது கடிதத்தின், சிறு பகுதி. அதில் விசுவாசிகள் ஒருவரை ஒருவர் தேற்ற வேண்டும் என்று வருகிறது. ஏன் அதை எடுத்தார் என்றால், அதில் ஒரு சொல்லாவது தனக்குத் தெரிந்த சொல்லாக இருந்ததால்தான். மின்காப்புத் தாளின் பின்பக்கம் பென்சிலால் எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார். மனைவி மத்தியானம் வந்து பார்த்து, "என்னங்க, காயிலுக்கு வைக்கிற தாளு பூரா வேதமா கெடக்கு" என்றாள்.

புதன்கிழமை வந்தது. ஒன்பது பேர் முன்னறையில், பத்தாவது ஆள் சமையலறையில். மோட்டார்காரர் எழுந்து நின்று வாசித்தார். ற, ர தப்பாமல் வாசித்தார். பிறகு தாளைப் பார்த்தார். பென்சில் எழுத்து வியர்வையில் ஈஷிப்போயிருந்தது. வேறு வழியில்லாமல் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டுப் பேசினார்.

"இதுல தேற்றுங்கன்னு இருக்கு. தேறாதுங்கற வார்த்தை எனக்கு நல்லாத் தெரியும். இது அதுக்கு நேர் எதிர். அதாவது, தேறாததைத் தேற வைக்கிறது. நம்ம பொண்ணு கணக்குல தேறலைன்னா, பக்கத்துல உக்காந்து தேற வைக்கிறோம் இல்ல? ஒடம்பு முடியாதவங்களைக் கஞ்சி குடுத்துத் தேத்தறோம் இல்ல? அதுதான் அர்த்தம்."

உள்ளே குழாய் நின்றது.

"அந்த எடத்துல அது அர்த்தம் இல்ல" என்று குரல் வந்தது.

டீச்சர் ஈரக் கையோடு வாசலில் வந்து நின்றார். பள்ளிக்கூடத்தில் கரும்பலகைக்கு முன்னால் நிற்கிற அதே நிலை. "தேற்றுதல்னா அங்க ஆறுதல் சொல்றது. துக்கத்துல இருக்கறவங்களுக்குச் சொல்றது. பரீட்சையும் இல்ல, கஞ்சியும் இல்ல."

மோட்டார்காரர் சரி என்று உட்கார்ந்திருக்கலாம். பதினோரு வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தார். அன்றைக்கு அவருக்கு ஏனோ உட்கார வரவில்லை.

"ஆறுதல் சொல்றதுதான் அர்த்தம்னா, ரெண்டு மாசமா இங்க எல்லாரும் சொல்லிட்டோமே டீச்சர். அப்புறம் நீங்க ஏன் சமையல்கட்டுல இருக்கீங்க?"

மனைவி அவர் சட்டையின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். டீச்சர் ஈரக் கையைப் புடவையில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"தேறுங்கற வினையிலேர்ந்துதான் தேற்றுங்கறது வருது" என்றார் கடைசியில், மெதுவாக. "வேர் ஒண்ணுதான். நீங்க சொன்னது முழுத் தப்பில்ல, பாதித் தப்பு." யாரையும் பார்க்காமல், "எழுந்துடுவார்னு உங்க எல்லாரையும் நம்ப வெச்சது நான். அது தப்பாப் போச்சே. தப்பாச் சொல்லிக் குடுத்தவ மறுபடி எந்த முகத்தை வெச்சுக்கிட்டு இங்க வந்து உக்கார்றது?" என்றார்.

மோட்டார்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது அவருடைய சொந்த வாக்கியம். மனைவியிடம் மட்டும் சொன்னது. தேறும் என்று ஒருநாளும் சொல்லாமல் அவர் தப்பித்து வந்த இடத்தில், சொல்லிவிட்டு மாட்டிக்கொண்டு நின்றார் டீச்சர். அவருக்கு அந்த அம்மாள்மேல் அதுவரை இருந்த மரியாதையோடு, இப்போது பாசமும் வந்தது.

"அவர் எழுந்துடுவார்னு சொன்னது தப்பா இருக்கலாம், டீச்சர். எனக்கு அது தெரியாது" என்றார். அலமாரிக் கதவைக் காட்டினார். "பதினோரு வருஷமா என் பேரை அடிக்காம எழுதினீங்களே. தேறாதுன்னு ஊரே சொல்லிச்சு, நீங்க சொல்லல. அது தப்பா? அது தப்புன்னா சொல்லுங்க, நானும் வீட்டுக்குப் போயிடறேன்."

டீச்சர் கதவில் இருந்த பட்டியலைப் பார்த்தார். அவருடைய கையெழுத்துதான். அழுதார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல், எல்லோருக்கும் முன்னால் அழுதார். ஆறுதல் சொல்லிப் பழகிய பேக்கரிக்காரர் வாயைத் திறந்தார், நல்லவேளையாக மூடிக்கொண்டார்.

அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, டீச்சர் நேராக மோட்டார்காரரைக் கேட்டார். மோட்டாரைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வருகிறவர்கள் கேட்கிற அதே தொனி. "சொல்லுங்க. நான் தேறுவேனா?"

மோட்டார்காரர் நல்லதாக ஒரு வசனம் சொல்லலாமா என்று நினைத்தார், ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. வாய் தானாகத் திறந்தது.

"வெச்சுட்டுப் போங்க, டீச்சர்."

சொன்ன பிறகுதான் தான் நிற்பது பட்டறை இல்லை என்பது அவருக்கு உறைத்தது. முதலில் சிரித்தது மனைவி. "ஐயோ, அவங்க வீட்டுலயே நின்னுக்கிட்டு அவங்களைப் போகச் சொல்றாரே!" என்றாள். பேக்கரிக்காரர் சிரித்தார். மோட்டார்காரர் காதுவரை சிவந்துபோய் நின்றார்.

டீச்சர் உள்ளே போனார். போச்சு, எல்லாம் கெட்டது என்று மோட்டார்காரர் நினைத்தார். உள்ளே ஏதோ இழுபடும் சத்தம் கேட்டது. டீச்சர் முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, நாற்காலி வரிசையில் மோட்டார்காரருக்கும் அவர் மனைவிக்கும் நடுவில் இருந்த இடத்தில் வைத்தார்.

"வெச்சுட்டேன்" என்றார். "போறதுக்குத்தான் எனக்கு வேற எடமில்ல." சொல்லிவிட்டு உட்கார்ந்தார். "ம், மீதியை வாசிங்க."