அம்மாவின் மூன்றாவது படம்

கம்பளிச் சட்டைக்குள் பொதிந்து அந்த சிடியை ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்தார் அம்மாவின் தங்கை மகன். அம்மா என்று நாங்கள் கூப்பிட்டது கொடைக்கானலில் எங்களுக்கு வேலை கொடுத்த வெள்ளைக்கார அம்மாவை. அவர் பங்களாவில் தோட்டம் என் பொறுப்பு, சமையல் என் மனைவி பொறுப்பு.

இளம்பெண்ணாக இருந்தபோது, போர் நடந்துகொண்டிருந்த பெர்லினில் அம்மா மூன்று படங்களில் நடித்தார். முதல் இரண்டில் கூட்டத்தில் ஒரு முகம். மூன்றாவதில்தான் நல்ல வேடம். அது திரைக்கு வருமுன் குண்டு விழுந்து தியேட்டர்கள் எரிந்தன. படமும் எரிந்துவிட்டது என்றார்கள். பிறகு ஒரு பாதிரியாரை மணந்து இந்த மலைக்கு வந்துவிட்டார். "நான் நல்லா நடிச்சேனா இல்லையா, எனக்கே தெரியாது தம்பி" என்பார், ரோஜாச் செடிகளைப் பார்த்துக்கொண்டே. எண்பது வயதிலும் அந்தக் கேள்வி அவரை விடவில்லை.

எங்கோ ஒரு கிடங்கில் கிடந்த பிரதிதான் இப்போது சிடியாக வந்திருந்தது. அம்மா எங்களையும் டிவி முன் உட்காரச் சொன்னார்.

"இவன் சொந்தக்காரன், நல்லாருக்குன்னுதான் சொல்வான். நீங்க பாத்துச் சொல்லுங்க."

பாஷை புரியவில்லை, கதை புரிந்தது. அம்மா ரொட்டிக் கடை வேலைக்காரி. ஒரு பணக்காரி எல்லோர் முன்பும் அவரைத் திட்டுகிறாள். அம்மா ரொட்டித் தட்டை மெதுவாக மேசையில் வைத்து, ஒரே ஒரு வார்த்தை சொல்லி, தலை நிமிர்ந்து வெளியேறுகிறார். என்னை அறியாமல் இரண்டு விரல் வாய்க்குப் போனது. என் ஊர் பூண்டியில் கேரட் காட்டில் காட்டெருமை விரட்டிப் பழகிய விசில். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

தங்கை மகன் படத்தை நிறுத்திவிட்டு என்னை முறைத்தார். அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

"அவ்வளவு மோசமா, தம்பி?"

அவர்கள் ஊரில் படம் பிடிக்காவிட்டால்தான் விசில் அடிப்பார்களாம். என் மனைவிதான் துள்ளி எழுந்தாள்.

"ஐயய்யோ அம்மா! இந்த மனுசன் எங்க கல்யாணத்தன்னைக்கே வாயத் தொறக்கலைங்க. இவரே விசிலடிச்சிட்டாருன்னா நீங்க பெரிய ஸ்டாருங்க! நம்ம ஊர்ல படம் பிடிச்சாத்தான் விசிலு."

அம்மா என்னைப் பார்த்தார். தலையாட்டினேன். அவர் கன்னம் இரண்டும் சிவந்தன. அந்தக் காட்சியை மறுபடி போடச் சொன்னார். அதற்குப் பிறகும் ஒருமுறை. என் மனைவி பழைய பேப்பரைக் கிழித்து டிவி மேல் பூவாகத் தூவினாள். கடைசியில் தங்கை மகனும் விரலை வாயில் வைத்து ஊதினார். வெறும் காற்றுதான் வந்தது. அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அதன்பின் பங்களாவுக்கு யார் வந்தாலும் என்னைத் தோட்டக்காரர் என்று அவர் சொன்னதில்லை. "என் ரசிகர் மன்றத் தலைவர்" என்பார். நான் ரோஜாச் செடிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். இப்போது அம்மா இல்லை, பங்களா விடுதியாகிவிட்டது. தோட்டம் இன்னும் என்னிடம்தான். பதவியையும் நான் விடவில்லை.