டைட்டின் தொடையில் ஒரு ரப்பர் வளையம்

என் மச்சினனைப் பட்டறையில் 'டைட்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். குடிக்கிறவன் என்று நினைத்துவிடாதீர்கள். ஆடுகிற எதைக் கண்டாலும் முறுக்கிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பான். மூன்றாம் வகுப்போடு நின்ற நான் ஒற்றை ஆளாக எழுப்பிய பம்ப் ரிப்பேர் பட்டறையில் இருபது வருடமாக அவன்தான் ஃபிட்டர். அவன் பூட்டிய பம்ப் ஒழுகி நான் பார்த்ததில்லை.

அவனுக்கு இடது தொடையில் சீழ்க்கட்டி வந்தது. முன்பு வலது தொடையில் வந்தபோது டாக்டர் அகலமாகக் கீறி, குழிக்குள் காஸ் துணியைத் திணித்து அனுப்பினார். தினமும் போய் அதை உருவிவிட்டுப் புதிதாகத் திணிக்க வேண்டும். டைட்டு போட்ட கூச்சலில் வரிசையில் இருந்த பாதிப் பேர் நோய் தீர்ந்து வீட்டுக்கே போய்விட்டார்கள். "செத்தாலும் இனி அந்தத் துணி வேணாம் மாமா" என்று என் கையைப் பிடித்து அழுதான்.

இந்த முறை வேறு வழி. சின்னதாக இரண்டு துளை. ஒன்றில் நுழைத்து மற்றதில் எடுத்த மெல்லிய ரப்பர் குழாய். வெளியே இரண்டு முனையையும் சேர்த்து, வளையம் போலத் தொளதொளவென்று ஒரு முடிச்சு. நர்ஸம்மா தெளிவாகத்தான் சொன்னார்: "குளிக்கும்போது இப்படியும் அப்படியும் மெல்ல நகர்த்துங்க. சீழ் வடிஞ்சிடும். திணிக்கிற வேலையே இல்ல."

நான்காம் நாள் காய்ச்சல். தொடை மறுபடி வீங்கிவிட்டது. நர்ஸம்மா கட்டைப் பிரித்தார். வளையம் சதையில் பதிந்து கிடந்தது.

"யார் இதை இறுக்கினது?"

"லூசா தொங்குச்சும்மா. கழண்டு விழுந்துடுமேன்னு..."

"அடேய், அது என்ன பம்ப் பெல்ட்டாடா?" என்று கத்தினேன். ஐம்பது வருடத் தொழிலில் எத்தனையோ மடையர்களைக் கட்டி மேய்த்தவன் நான். சொந்தத் தொடையை முறுக்கியவனை அன்றுதான் பார்த்தேன்.

நர்ஸம்மா முடிச்சை அவிழ்த்து, அடியில் விரல் நுழையும்படி மறுபடி கட்டினார். "டாக்டர் சொல்லிட்டார். நாளைக்குள்ள வீக்கம் வத்தலைன்னா கீறித் துணி வைக்கிறதுதான்."

டைட்டின் முகம் வெளுத்துவிட்டது.

அன்று முழுக்கப் பட்டறையைப் பூட்டிவிட்டு, என் வீட்டில் அவன் எதிரே உட்கார்ந்து அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மாமா, லேசா ஒரே ஒரு இழுப்பு..."

"கைய எடுடா!"

"என் தம்பிய என்னமோ திருடன் மாதிரி காவல் காக்குறீங்க" என்று என் மனைவி அவள் பங்குக்கு.

காலையில் கட்டுத் துணி முழுக்கச் சீழ். வீக்கம் பாதியாகியிருந்தது. "துணி வேணாம்" என்றார் நர்ஸம்மா. எனக்கே மூச்சு வந்தது.

பத்தாம் நாள் வளையத்தை வெட்டி உருவினார்கள். ஒரு கூச்சல்கூட இல்லை. வாசலுக்கு வந்து பார்த்தால் கூட வந்தவனைக் காணோம். திரும்பிப் போனேன். டாக்டர் அறைக் கதவின் கைப்பிடி ஆடுகிறதாம். சட்டைப்பையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரால் முறுக்கிக்கொண்டிருந்தான்.