டாக்டரம்மாவின் தாடை வலி

குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டேதான் பேசுவார் அந்தத் தையல்காரம்மா. கடைக்கு வருகிறவர்களுக்குப் பாதி புரியாது. பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து பித்தான் தைக்கும் கணவருக்கு மட்டும் ஒரு சொல் தப்பாது. "மூச்சு வாங்குதா? வேர்க்குதா? நெஞ்சை அடைக்குதா?" மெஷின் ஓட ஓடக் கேள்வி வரும். அவர் கொட்டாவி விட்டாலும் விசாரணை உண்டு.

போன வருஷம் கணவர் மாரடைப்பு வந்து பிழைத்ததிலிருந்து இந்தப் பாடு. வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னதை அம்மா மனப்பாடமாக்கிவிட்டார். வாடிக்கையாளருக்கு இடுப்பளவு எடுத்தபடியே ஒப்பிப்பார்: "நெஞ்சுலதான் வரணும்னு இல்லைங்க. தாடையில வரும், முதுகுல வரும், கையில இறங்கும். குமட்டும், சும்மா இருக்கும்போதே சில்லுனு வேர்க்கும். பொம்பளைங்களுக்கு இன்னும் கள்ளத்தனமா வரும். வாயுன்னு உக்காந்துடாதீங்க, உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க." கணவர் வைத்த பெயர் டாக்டரம்மா. "பேன்ட் தைக்க வந்தவனுக்கு ஏன் காய்ச்சல் வர வைக்கிறே?" என்பார்.

அந்த வாரம் டாக்டரம்மாவுக்குத் தாடை வலித்தது. "நாள் பூரா குண்டூசியைக் கவ்வினா வலிக்காம என்ன பண்ணும்?" என்று தானே காரணம் சொல்லிக்கொண்டார். முதுகும் வலித்தது. "குனிஞ்சு தைக்கிறவளுக்கு முதுகு வலி தொழிலோட கூடப் பொறந்ததுதானே." படி ஏறினால் மூச்சு வாங்கியது, அதற்குத் தன் எடையைத் திட்டிக்கொண்டார். கணவரும் தலையாட்டினார். நர்ஸ் சொன்னது அவருடைய இதயத்தைப் பற்றித்தான் என்று இருவருக்குமே நினைப்பு. பள்ளிச் சீருடைகள் வேறு மலைபோல் குவிந்து கிடந்தன.

சனிக்கிழமை காலை, பாதித் தையலில் மெஷின் நின்றது. நிமிர்ந்து பார்த்த கணவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மாவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. ஃபேனுக்கு நேர் கீழே இருந்தும் கழுத்தெல்லாம் வியர்வை. தொட்டால் சில்லென்றிருந்தது.

"ஒண்ணுமில்ல, குமட்டுது. கொஞ்சம் தண்ணி குடுங்க. நீங்க பதறாதீங்க, உங்களுக்கு ஆகாது."

நாள் தவறாமல் காதில் விழுந்த அத்தனை அறிகுறியும் கண்ணெதிரே உட்கார்ந்திருந்தது. ஒரு வாரமாகப் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டிருந்தோமே என்று தன்னையே திட்டிக்கொண்டார். ஆம்புலன்ஸ் எண்ணைத் தப்புத் தப்பாக அழுத்தி, ஒருவழியாகக் கூப்பிட்டார்.

வந்த ஆம்புலன்ஸ்காரருக்கு அந்தக் கடை புதிதல்ல. போன வருஷம் கணவரை இங்கிருந்துதான் தூக்கிப்போனார். "என்ன சார், மறுபடியுமா?" என்று நேராக அவரிடமே குனிந்தார். அம்மாவோ தள்ளாடி எழுந்து, இழுப்பறையிலிருந்து கணவரின் ஃபைலை எடுத்து நீட்டினார்.

"ரொம்பப் பதறிப்போயிட்டாருங்க. முதல்ல இவரைப் பாருங்க. எனக்குப் பல்லுல ஏதோ கோளாறு."

கணவர் தன் கையில் சுற்ற வந்த பிரஷர் பட்டையைப் பிடுங்கினார். மனைவியின் சட்டைக் கையை மேலே தள்ளிவிட்டு, அங்கே தானே சுற்றினார்.