துணி இறக்கை

"கம்பியில கால வையிலே! நடுவுல மிதிக்காத!"

லாரியின் உச்சியில் படுதாவை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த இசக்கிப்பாண்டி தூக்கிய காலோடு நின்றான். கீழே நின்று கத்தியவர் அந்தப் படுதாவைத் தைத்த ஆறுமுகச்சாமி.

"அண்ணாச்சி, இது பருத்தி லாரி. ஒங்க செர்மன்காரன் பிளேன் இல்ல. விழுந்தாலும் மெத்தையிலதான் விழுவேன்."

டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆறுமுகச்சாமியும் சிரித்தார். ஆனால் அவன் வளைவுக் கம்பிகளில் கால் வைத்து இறங்கி முடிக்கும்வரை கண்ணை எடுக்கவில்லை.

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவருடைய படுதா தைக்கும் கடை. பட்டாளத்தில் லாரி டிரைவராக இருந்தவர். வட ஆப்பிரிக்காவின் மணலில் மூன்று வருடம் ஓட்டியவர், ஊருக்குத் திரும்பியபின் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. அதற்கான காரணத்தை ஊரே கண்டுபிடித்து வைத்திருந்தது.

அந்த லாரியில் அவரோடு கூட இருந்தவன் மேலநீலிதநல்லூர் மூக்காண்டி. 1943 மே மாதம் துனிசியாவில் இறந்துபோனான். அவன் வீட்டுக்கு வந்த கடிதத்தில் 'விபத்து' என்று ஒரே ஒரு சொல்தான் இருந்தது. லாரிப் பட்டாளத்தில் விபத்து என்றால் லாரி விபத்துதான் என்று பேசிக்கொண்டார்கள். ஆறுமுகச்சாமி வண்டியை ஏற்றிக் கொன்றுவிட்டு, துணியால் செய்த ஜெர்மன் பிளேனிலிருந்து மூக்காண்டி விழுந்தான் என்று கதை கட்டுகிறான் என்றார்கள். சண்டை முடிந்து 1946இல் ஊருக்கு வந்ததும் ஆறுமுகச்சாமி, மூக்காண்டியின் மனைவி சங்கரம்மாளைப் பார்க்கப் போனார். அவள் வாசலிலேயே நிறுத்தி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதன் பிறகு அவர் அந்த ஊர் பஸ்ஸில் ஏறியதில்லை.

கதையை மட்டும் விடவில்லை. டீக்கடையில் யார் வாயைக் கிளறினாலும் சொல்வார். வெறும் பிளேன் கதையாக இருக்காது. மூக்காண்டிதான் அதில் பாதி. பாலைவனத்தில் ஆடித்தபசு வந்தது. அம்மன் கோவிலுக்கு எங்கே போக? மூக்காண்டி தங்கள் லாரியையே நூற்றெட்டு முறை ஆடிச்சுத்து சுற்றினான். "என்ன செய்யுதான் அவன்?" என்று கேட்ட பஞ்சாபி ஹவில்தாருக்கு, டயரில் காற்று பார்க்கிறான் என்று ஆறுமுகச்சாமி பதில் சொன்னார். ஹவில்தார் மூக்காண்டியின் பொறுப்பை மெச்சி இரண்டு சிகரெட் கொடுத்தார். இந்த இடத்தில் ஆறுமுகச்சாமிக்குச் சிரிப்பில் கண் நிறைந்துவிடும்.

பிளேன் என்று வந்தால் மட்டும் ஏசுவடியான் சார் குறுக்கிடுவார். உயர்நிலைப் பள்ளியில் சயன்ஸ் வாத்தியார்.

"லாரிய உள்ள ஏத்துத பிளேன்னு சொல்லுதீங்க. அது எப்படி அண்ணாச்சி துணியா இருக்கும்? காத்துல கிழிஞ்சிராதா?"

"கிழியல சார். நான் தொட்டுப் பாத்தேன்."

பத்து வருடம் இதே பேச்சு. 1979இல் ஒரு சனிக்கிழமை சார் கடைக்கு வந்து, பாளையங்கோட்டை நண்பரிடம் வாங்கி வந்த கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைப் படுதாவின் மேல் விரித்தார்.

"அண்ணாச்சி, என்னைய மன்னிக்கணும்."

படத்தில் அதே பிளேன். பக்கத்தில் நின்ற ஆள் சின்னப் பையன் மாதிரித் தெரிந்தான். சார் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். இங்கிலாந்துக்குக் கடல் தாண்டி டாங்கிகளை இறக்க ஜெர்மன்காரர்கள் அதை முதலில் இஞ்சினே இல்லாமல் செய்தார்களாம். அதைக் கயிறு கட்டி இழுக்க மூன்று விமானங்கள்.

"தேர் இழுக்க மாதிரியா?"

"அப்படித்தான். வடம் பிசகுனா மூணும் முட்டிச் சாகும். ஆளுங்க செத்திருக்காங்க. பெறவு பிரான்சுல செஞ்ச இஞ்சின் ஆறு மாட்டி, தானே பறக்க வச்சிருக்காங்க. பத்துச் சக்கரம். மூக்கு ரெட்டைக் கதவு மாதிரித் திறக்கும். எலும்புக்கூடு இரும்புக் குழாய். மேல பலகையும் துணியும்."

ஆறுமுகச்சாமி கடைசி வரியை மறுபடி படிக்கச் சொன்னார். பிறகு ஊசியை மெழுகில் குத்தி வைத்தார்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமதான சார்? எங்கூட ஒரு ஊருக்கு வாங்க."

சங்கரம்மாள் வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். முப்பத்துமூன்று வருடத்துக்குப் பிறகும் அவரை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். சுளகை நிறுத்தவில்லை. சார் படத்தைக் காட்டி, பிளேனைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னார். அவள் எட்டிப் பார்த்தாள்.

"இரும்பு மாதிரில்லா தெரியுது."

"மேல பூசுன பெயின்ட்டும்மா. துணிதான். பொஸ்தகத்துலயே போட்டிருக்கு."

"வாத்தியாரு சொன்னா சரியாத்தான் இருக்கும். துணியாவே இருக்கட்டும்." அவள் ஆறுமுகச்சாமியைப் பார்த்தாள். "எங்க வீட்டுக்காரரு பனையில நாலு கை உசரம் ஏறமாட்டாரு. பிளேன் மேல ஏதுக்கு ஏறுனாரு? அன்னைக்கும் இதத்தான் கேட்டேன். தெரியாதுன்னீக."

சார் புத்தகத்தை மூடினார்.

"நான்தான் ஏறச் சொன்னேன், தங்கச்சி," என்றார் ஆறுமுகச்சாமி. "அங்க சண்ட முடிஞ்சிட்டு. ஏரோட்ரோம்ல அந்தப் பிளேன் ஒடஞ்சு கெடந்துது. எம்புட்டுப் பெருசுன்னு பாக்கணும், மேல ஏறி நில்லு, ஊர்ல போய்ச் சொல்லணும்லான்னேன். இறக்கையோட முன்பக்கம் பலகை. தட்டிப் பாத்தான். தகரம்டான்னான். லாரிப் படுதாவுல கம்பியப் பாத்து மிதிக்கவன், இதத் தகரம்னு நெனச்சிட்டான். முன்னாலயே நின்னான். நான்தான் இன்னும் பின்னால தள்ளி நில்லுன்னேன். அங்கனதான் துணி."

சுளகு நின்றிருந்தது.

"முப்பத்தாறு வருசம்," என்றாள் சங்கரம்மாள். "துணியா தகரமான்னா நான் கேட்டேன்?"

பஸ் சத்தம் தூரத்தில் கேட்டது. சார் ஒரு அடி நகர்ந்தார். ஆறுமுகச்சாமி நகரவில்லை.

"மேல நின்னு கையக் காட்டுனாரா?"

"காட்டுனான். ரெண்டு கையையும் விரிச்சு. ராசா மாதிரி நின்னான்."

அவள் எழுந்து உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை. சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வாசற்படியில் வைத்தாள். உள்ளே வரச் சொல்லவில்லை. ஆறுமுகச்சாமி சொம்பை அண்ணாந்து முழுவதும் குடித்தார். அந்த பஸ் போய்விட்டிருந்தது. அடுத்ததில் வந்தார்கள்.

மறுநாள் திங்கட்கிழமை. ஆறுமுகச்சாமி ஒன்பது மணிக்குக் கடையைத் திறந்தார். சிவகிரி லாரி ஒன்றின் படுதாவுக்குப் பித்தளை வளையங்கள் அடித்தார். ஏசுவடியான் சார் புத்தகத்தைப் பாளையங்கோட்டைக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். மத்தியானம் கொஞ்சம் தூறியது. சாயங்காலம் டீக்கடையில் இசக்கிப்பாண்டி பிளேன் கதை கேட்டான். சக்கரம் பத்து, இஞ்சின் ஆறு என்றதோடு ஆறுமுகச்சாமி நிறுத்திக்கொண்டார்; துணியா தகரமா என்ற பேச்சையே எடுக்கவில்லை. பிறகு கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்.