இடது பையில் ஒரு கல் கூடுதல்

ரோடு இல்லாத மலையூரான வெள்ளகவியில் கந்தவேல் அண்ணனிடம் பேச்சுக் கொடுக்கிற யாருக்கும் முதல் ஐந்து நிமிடத்துக்குள் ஒரு செய்தி தெரிந்துவிடும். இருபத்தாறு வருடமாகக் குதிரையில் பாரம் ஏற்றுகிறார். ஒரு நாள்கூட அது ஒரு பக்கமாகச் சாய்ந்ததில்லை. ஆறாவது நிமிடத்தில் அடுத்த செய்தி வரும். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் கருப்பசாமி ஏற்றிய பட்டர்ஃப்ரூட் மூட்டை சாய்ந்து, பழமெல்லாம் பள்ளத்தில் உருண்ட கதை. கருப்பசாமி ஊரில் குதிரை வைத்திருக்கும் இன்னொருவர், அண்ணனுக்கு மச்சான் முறை. இந்தக் கதை சொல்லப்படும்போது அவர் பெரும்பாலும் பக்கத்திலேயே இருப்பார்.

வட்டக்கானலிலிருந்து இறங்கும் ஒற்றையடிப் பாதையில் அரிசி, சிமெண்ட், கேஸ் சிலிண்டர் எல்லாம் குதிரை முதுகில்தான் ஊருக்கு வரும். முதுகின் இரண்டு பக்கமும் ஒரே எடை தொங்க வேண்டும். அண்ணனிடம் தராசு கிடையாது. கைக்கு ஒரு பையாகத் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு நொடி நிற்பார். சாமி கும்பிடுகிறார் என்று நினைத்து முதல் நாள் நானும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன்.

போன பிப்ரவரியில் ஜெயப்பிரியா கல் தேடி வந்தபோது அண்ணனைத்தான் அமர்த்திக்கொண்டோம். ஜெயப்பிரியா பழனிக்காரர், பாறைகளை ஆராய்கிறவர். நான் அவருடைய பைகளுக்கு எண் எழுதுகிற ஆள். பூமியில் உயிர் முதன்முதலில் தலைகாட்டியதற்குச் சாட்சி தேடுவது அவர் வேலை. அந்தக் காலத்து உயிருக்கு எலும்பும் கிடையாது, ஓடும் கிடையாது. செத்தால் மிஞ்சுவது துளிக் கரி. அதுவும் பூமிக்கடியில் வெந்து, பென்சிலுக்குள் இருக்கிற கிராஃபைட்டாக மாறிவிடும். உயிரிலிருந்து வந்த கரி மற்ற கரியைவிட மயிரிழை அளவு இலேசாக இருக்கும். அந்த வித்தியாசத்தைப் பிடிக்கக் கருவி உண்டு. எங்கள் மலைப் பாறை உலகத்திலேயே பழசு அல்ல, ஆனால் நன்றாக வெந்தது. இவ்வளவு வெந்த பிறகும் சாட்சி தப்புகிறதா என்று தெரிந்தால், இதைவிடப் பழைய பாறைகளில் எதை நம்பலாம் என்று சொல்லமுடியும்.

ஜெயப்பிரியா இதை விளக்கியபோது அண்ணன் பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார்.

"அப்ப நீங்களும் எடை பாக்குற சோலிதான் பாக்குறீங்க."

அன்றிலிருந்து எங்களைச் சக தொழிலாளிகளாக நடத்தினார். அவர் மனைவி முத்துலட்சுமிக்குத்தான் சந்தேகம் தீரவில்லை. வீட்டுக்குப் பின்னால் கிடக்கும் கற்களை ஏன் யாரும் படிக்க வரமாட்டேன் என்கிறார்கள் என்று கேட்டார்.

முப்பத்தொரு கல்லுக்கு எண் போட்டு ஏற்றினோம். பழனியில் பையைப் பிரித்தால் முப்பத்திரண்டு இருந்தது. இடது பைக்குள் எல்லாவற்றுக்கும் மேலாக, எண் இல்லாமல், தேங்காய் அளவில் ஒன்று. அதன் உடைந்த முகத்தில் கிராஃபைட் மினுங்கியது. தொட்டால் விரலில் ஒட்டியது. மற்ற கற்களில் ஒன்றுகூட அப்படி இல்லை.

ஜெயப்பிரியா சந்தோஷப்படவில்லை. எங்கே கிடந்தது என்று தெரியாத கல் சாட்சி ஆகாது. அது இருந்த பாறையைப் பார்த்தால்தான் அந்தக் கரி உயிரிலிருந்து வந்ததா, வேறு வழியில் வந்ததா என்று பேசவே முடியும். கருவியில் அவருக்கு ஒதுக்கிய நாளுக்கு இன்னும் பத்து நாள். தவறவிட்டால் இன்னொரு வருடம்.

மறுநாளே, செருப்புக் காலோடு நுழையக்கூடாத அந்த ஊரின் எல்லையில் பூட்ஸைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு அண்ணன் வீட்டு வாசலில் நின்றோம். கல்லை அவர் ரொம்ப நேரம் பார்த்தார். தெரியாது என்றார். பழனி பஸ்ஸில் யாராவது போட்டிருப்பார்கள் என்றார். அப்புறம், கருப்பசாமி வேலையாக இருக்கும் என்றார். கருப்பசாமி அன்றைக்கு எங்களோடு வரவேயில்லை என்று ஜெயப்பிரியா நினைவூட்டியபோது, அவன் வராமலே செய்யக்கூடியவன்தான் என்றார்.

முத்துலட்சுமி அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார். "பாரம் சாஞ்சா, எளச்ச பக்கம் ஒரு கல்லத் தூக்கி வைப்பாக. இவுக பாரம்தான் சாயாதே."

அண்ணன் கல்லைத் திருப்பிக் கொடுத்தார்.

ஜெயப்பிரியா அவரை வற்புறுத்தவில்லை. பாதை நெடுக நடந்து தேடப்போகிறோம், நீங்களும் வாங்கண்ணே என்று மட்டும் சொன்னார். தன் குதிரை மகராசியைப் பிடித்துக்கொண்டு அவரும் வந்தார். வழியெல்லாம் காபி விலையைப் பற்றியே பேசினார். பாதிக்கு மேல் ஏறியதும், மழையில் சரிந்திருந்த ஒரு வளைவில் மகராசி தானாக நின்றது. வயிற்றுக் கயிற்றை யாரோ இறுக்கப்போகிற மாதிரி காலை அகட்டிக்கொண்டு நின்றது.

"தண்ணிக்கு நிக்கிது" என்றார் அண்ணன்.

அங்கே தண்ணீர் இல்லை. அவர் கயிற்றைச் சுண்டி இழுத்து நான்கு எட்டு நடந்தார். மேலே எங்கோ மணிச்சத்தம் கேட்டது. கருப்பசாமியின் குதிரை சிலிண்டரோடு இறங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் மேலே பார்த்தார், ஜெயப்பிரியாவின் கையிலிருந்த கல்லைப் பார்த்தார். பிறகு அந்த நான்கு எட்டையும் திரும்பி நடந்து வந்தார்.

"இந்தச் சரிவுலதான் எடுத்தேன்" என்றார், குதிரைக்குக்கூடக் கேட்காத குரலில். "நீங்க முன்னால போனப்ப பாரம் சாஞ்சிருச்சுங்க."

ஜெயப்பிரியா சரிவில் ஏறி மண்ணைத் தள்ளிச் சுத்தியலால் தட்டினார். பாறைக்குள் கறுப்பாக ஒரு கோடு ஓடியது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று வேறொன்று நினைவு வந்தது.

"அண்ணே, அன்னிக்கு ஓடையில இடது பையிலருந்து ரெண்டு தண்ணி பாட்டில எடுத்தது நான்தானே? அதுலதான் சாஞ்சிருக்கு. தப்பு என்னோடது."

"எடுத்தது நீங்க. ஏத்துனவன் நானுங்க. பாத்துக் கட்டியிருக்கணும்."

ஜெயப்பிரியாமேல் பழி போட அப்படி ஒரு சாக்கு இருப்பது அண்ணனுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். ஒருமுறைகூட வாயில் வரவில்லை.

கல் எப்படிக் கிடைத்தது என்பதையும் குறிப்பேட்டில் எழுதியாக வேண்டும். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தேன். மணிச்சத்தம் அடுத்த வளைவுக்கு வந்துவிட்டது.

"எழுதுங்க தம்பி. வெரசா எழுதுங்க. இங்கிலீசுலயே எழுதிருங்க."

எழுதி மூடியபோது கருப்பசாமி வந்து நின்றார்.

"என்ன மச்சான், நடுப்பாதையில கூட்டம்? பாரம் கீரம் சாஞ்சிருச்சா?"

"ஏலே, வெறுங்குதிரையில என்னத்தச் சாயும்?"

முப்பத்திரண்டாவது கல்லுக்கு எண் கிடைத்தது. குறித்த நாளில் கருவிக்கும் போனது. அதன் கரி எதைச் சொல்கிறது என்பதில் ஜெயப்பிரியா இன்னும் வாயைத் திறக்கவில்லை. நான்கு விதமாகச் சரிபார்க்காமல் திறக்கவும் மாட்டார்.

இதைத் தமிழில் எழுதலாமா என்று போன மாதம் அண்ணனிடம் கேட்டேன். பை எதுவும் இல்லாமலே இரண்டு கையையும் ஏந்தி, கண்ணை மூடி, ஒரு நொடி நின்றார்.

"எழுதுங்க. ஆனா கருப்பசாமி பட்டர்ஃப்ரூட்டுக் கதைய மொதல்ல வச்சிருங்க. ரெண்டு பக்கமும் சரியா இருக்கணுமில்ல."