ஐயா கதைக்கிறார்

கட்சி அலுவலகத்தில் வருகிறவர்களைச் சமாளிக்கும் வேலைக்கு ஒரே ஒரு வசனம் தெரிந்தால் போதும்: 'ஐயா கதைக்கிறார்.' நல்லூரில் ஒரு தமிழ்க் கட்சியின் மாநகரசபை உறுப்பினரிடம் வேலை செய்யும் நான், அதைச் சொல்லியே சம்பளம் வாங்குகிறேன். நீங்களும் எங்காவது ஒரு பிளாஸ்டிக் கதிரையில் காத்திருந்து, அதைக் கேட்டுவிட்டு வீடு திரும்பியிருப்பீர்கள்.

மேலிடம்

குருநகர் செல்வராணி அக்கா மாநகரசபைச் சந்தையைக் கூட்டித் துப்புரவாக்குகிறவர். வருடக்கணக்காகத் தற்காலிகம்தான். வயதெல்லை தாண்டுவதற்குள் நிரந்தரமாக்கினால் ஓய்வூதியமாவது மிஞ்சும் என்று வந்தார். "உங்கடை அலுவலாத்தான் ஐயா கதைக்கிறார்" என்று வழக்கமான வசனத்தைச் சொன்னேன். "ஆரோடை கதைக்கிறார்?" என்று கேட்டார். அதுவரை ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. "மேலிடத்தோடை அக்கா" என்று சமாளித்தேன்.

"மேலிடமெண்டால் ஆண்டவரோ பிள்ளை? அவரோடை நான் ஒவ்வொரு நாளும் கதைக்கிறனான்."

இரண்டு குலை

நீர்வேலிக் கந்தையா அண்ணை தன் மகனுக்கு வேலை கேட்டு ஒரு கதலி வாழைக்குலையோடு வந்தார். வாசலில் நின்ற அவருடைய மோட்டார் சைக்கிளில் இன்னொரு குலை கட்டியிருந்தது. "உது ஆருக்கு அண்ணை?" என்றேன். அடுத்த ஒழுங்கையில் இருக்கும் மற்றத் தமிழ்க் கட்சிக்காம். கொஞ்சமும் கூச்சப்படவில்லை மனிதர்.

"ரெண்டு பகுதியும் எங்கடை ஆக்கள்தானே பிள்ளை, ஒண்டாவது பழுக்காதோ?"

ஒரே குடும்பம்

தேர்தல் கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பதும் என் தலையில்தான். செல்வராணி அக்கா சந்தையில் வேலை செய்யும் மற்றப் பெண்களையும் அழைத்துக்கொண்டு வந்து முன்வரிசையில் இருந்தார். "தமிழர் நாங்கள் ஒரே குடும்பம்" என்று ஐயா முழங்கியபோது அவரும் நன்றாகக் கைதட்டினார். கூட்டம் முடிந்தபோது மைதானம் முழுக்கத் தண்ணீர்ப் போத்தல். எங்கள் ஆள் ஒருவர் மேடையில் நின்றபடியே, "அக்கா, உதையும் ஒருக்கால் கூட்டி விடுங்கோ" என்றார். எனக்குச் சீ என்று போய்விட்டது. அக்கா சேலையைத் தூக்கிச் செருகினார்.

"குடும்பமெண்டால் ஆரும் ஒராள் வீடு கூட்டத்தானே வேணும்."

நியமனம்

ஐயா திரும்பவும் வென்றார். சந்தைக்கு ஒரேயொரு நிரந்தர இடம் வந்தது. அதற்காக ஐயா உண்மையாகவே கதைத்தார், கந்தையா அண்ணையின் மகனுக்காக. பெயருக்குத் தொழிலாளி, ஐயாவின் ஆள் என்பதால் அவன் விளக்குமாறு தொடுவதில்லை, நின்று வேலை வாங்குவதோடு சரி.

செல்வராணி அக்காவுக்கு அந்த மாதத்தோடு வயதெல்லை தாண்டிவிட்டது. சண்டை பிடிப்பார் என்று பயந்திருந்தேன். பிடித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். முகத்தைப் பார்க்க முடியாமல், பழக்கதோஷத்தில், "ஐயா திரும்பவும் கதைப்பார் அக்கா" என்று சொல்லிவிட்டேன்.

"வேண்டாம் பிள்ளை. அவர் கதைச்சு எடுத்த பொடியன் இப்ப என்னோடை கதைக்கிறான், 'கெதியாக் கூட்டு' எண்டு."

எப்படியோ, வேலை ஒரு தமிழனுக்கே போய்ச் சேர்ந்ததால் எங்கள் கட்சியின் கொள்கைக்கு ஒரு குறையும் வரவில்லை.