ஒன்று சேராத இரண்டு பந்துகள்

போன வருடம் கோடையில், அருப்புக்கோட்டையில் நான் நர்ஸாக வேலை பார்க்கும் சின்ன ஆஸ்பத்திரியில் நடந்தது இது. அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான், பாலவனத்தம் ரோட்டில் ஸ்கூட்டரில் வரும்போது ஆடு ஒன்று குறுக்கே ஓட, பிரேக் பிடித்து விழுந்திருந்தேன். தலையில் அடி. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றார்கள். ஆனால் செல்போனைப் பார்த்தால் எழுத்து மிதந்தது, தலை வலித்தது. வெயில்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று காலை பரளச்சியிலிருந்து காய்ச்சலோடு ஒரு கைக்குழந்தையைக் கொண்டுவந்தார்கள். மருந்தை ஊசியில் ஏற்றி அளவு பார்த்தேன். கோடுகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். அப்போதும் இரண்டுதான். எது நிஜமான கோடு என்று தெரியவில்லை. ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு சீனியர் அக்காவைக் கூப்பிட்டேன். எனக்குச் சரியாகத் தெரியவில்லை, நீங்களே போடுங்கள் என்றேன்.

குழந்தையின் அம்மா எல்லாவற்றையும் கேட்டபடி நின்றிருந்தாள். சத்தம் போடப்போகிறாள் என்றே நினைத்தேன். கிளம்பும்போது அருகில் வந்தாள்.

"நீங்க சொல்லாமப் போட்டிருந்தீகன்னா எனக்குத் தெரியவா போகுது? மொதல்ல கண்ணக் காமிங்கக்கா."

நானும் கணவரும் மதுரையில் கண் டாக்டரைப் பார்த்தோம். பார்வையில் குறையில்லை, ஆனால் தலையில் பட்ட அடியால், கிட்டத்தில் பார்க்கும்போது இரண்டு கண்ணும் சேர்ந்து உள்பக்கம் திரும்பவில்லை என்றார். கண் பயிற்சியோடு, முகத்தில் மாட்டினால் உள்ளே படம் ஓடும் வி.ஆர். கருவியில் விளையாட வேண்டுமாம். எல்லோருக்கும் ஒரே மாதிரி குணமாகாது என்றும் சொன்னார். அந்த ஒரு வார்த்தை என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது.

என் கணவருக்கு நம்பிக்கையே இல்லை. "கண்ணுக்கு வைத்தியம் கேட்டா வெளையாட்டுச் சாமானத் தாராக" என்றார். ஆனாலும் வாராவாரம் மதுரைக்குப் பஸ்ஸில் கூடவே வந்தார்.

கருவியை மாட்டியதும் இருட்டு. தூரத்தில் ஒரு மஞ்சள் பந்து. அது முகத்துக்கு அருகே வரும்வரை ஒன்றாகவே பார்த்து, மட்டையால் தட்ட வேண்டும். எனக்கோ பாதி வழியிலேயே அது இரண்டாகப் பிரிந்துவிடும். இல்லாத பந்தை நான் அடிப்பேன். குமட்டிக்கொண்டு வரும். வேலையில் என்னை டோக்கன் கொடுக்கும் இடத்தில் உட்கார வைத்திருந்தார்கள். ஊசி பிடிக்க முடியாத நர்ஸை எத்தனை காலம் வைத்திருப்பார்கள்? ஒருநாள் கருவியைக் கழற்றிவிட்டு அழுதேவிட்டேன்.

பயிற்சி கொடுக்கும் பெண் தண்ணீர் கொடுத்தாள். "அடிக்கணும்னு அவசரப்படாதீங்க. பிரிஞ்சா பிரியட்டும். ஒண்ணாகுற வரைக்கும் பார்த்துக்கிட்டே இருங்க" என்றாள்.

மறுபடி மாட்டினேன். இரண்டு பந்துகள் கண் முன்னால் ஆடின. நெற்றி வியர்த்தது. மெல்ல ஓரங்கள் உரசின, நழுவின, சட்டென்று ஒன்றாயின. தட்டக்கூட மறந்துபோனேன்.

அதன் பிறகும் சில மாதங்கள் ஆயின. டாக்டர் சரியென்ற பிறகே வார்டுக்குத் திரும்பினேன். இப்போதும் களைத்துப்போன நாட்களில் எழுத்து லேசாக ஆடும். அப்போதெல்லாம், இதை ஒரு தடவை பாருங்களேன் என்று பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட எனக்குக் கூச்சமில்லை. ஆனால் அந்தப் பரளச்சிப் பெண் அன்று கத்தியிருந்தால், அடுத்தமுறை நான் வாயைத் திறந்திருப்பேனா என்று இன்றும் யோசிப்பதுண்டு.